ஹம்பியில ஆரம்பிச்சு கோவளத்துல நிக்குது!

உங்க கேங்கிலும் கண்டிப்பா ஒண்ணு இருக்கும் பாஸ்... போகவே போகாத ட்ரிப்! செமஸ்டர் ரிசல்ட் வந்த சோகத்தில் ஆரம்பிக்கும். ரெண்டு வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் அனல் பறக்கும். அப்புறம் ஒரு நல்லவன், ‘வீட்ல கேட்டுட்டு சொல்றேன் மச்சி’ என்று ஒரு மெசேஜ் போடுவான். அவ்வளவுதான். குரூப்புக்கு மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்திடலாம்.

எங்க குரூப்பின் பேர் ‘ஹம்பி அல்லது மரணம்’. (நான் வைக்கலை!) மொத்தம் நாலு பேர். செங்கல்பட்டு லோக்கலில் சிநேகமானவர்கள் என்பதால் எங்களுக்குள் சொந்தப் பேரே கிடையாது. ஏறுகிற ஸ்டேஷன்தான் பேர். பல்லாவரத்தில் ஏறுகிறவன் பல்லாவரம். அடுத்து குரோம்பேட்டை. தாம்பரம் தாண்டி ஏறுகிறவன் ஊரப்பாக்கம். நான் சானடோரியம். அதை நடு கேன்டீனில் கத்திக் கூப்பிட்டால் பக்கத்து டேபிள் பொண்ணுங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. என்ன பண்றது, ஊர் அப்படி!

ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் மே மாசம் பத்து நாள் கிளம்புவது என்று பேச்சு. ஆளுக்கு ஒரு பைத்தியம்.

பல்லாவரத்துக்குப் பாறை ஏறணும். அவன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். ‘எங்க ஏரியா கல்லு சாதாரணக் கல்லு இல்லடா’ என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். சிவில் படிக்கிற நானே அவன் சொல்லித்தான் தேடிப் படித்தேன். அந்தக் கல்லின் பேர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற ஜியாலஜிஸ்ட் 1893-ல் அந்த மனுஷன் பேரையே கல்லுக்கு வைத்துவிட்டார். அதுக்கும் முன்னால், 1863-ல், ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். ‘ஆதிமனுஷனே எங்க ஸ்டாப்பிங்தான் மச்சான்!’

குரோம்பேட்டைக்கு அலை. 2025 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தபோது, லேபுக்கு மட்டம் போட்டுவிட்டு நாள் பூரா மணலில் உட்கார்ந்து பார்த்தவன். அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் ஜெயித்தார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் தனிநபர் மெடல் வாங்கிய முதல் இந்தியர். அன்றிலிருந்து நம்மாள் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போதுகூட ரெண்டு கையையும் விரித்துத்தான் இறங்குகிறான்.

ஊரப்பாக்கத்துக்கு சைக்கிள். செகண்ட் ஹேண்டில் ஒரு மவுன்டன் பைக் வாங்கி, வீட்டில் அண்டா தேய்க்கிற மாதிரி தேய்த்து வைத்திருக்கிறான். வண்டலூர் பக்கம் மண் ரோடு எங்கே மிச்சம் இருக்கு என்று அவனைக் கேட்டால் போதும். அதைவிட முக்கியம், அவன் சித்தப்பாவிடம் ஒரு மாருதி ஆம்னி இருக்கிறது!

‘மூணுமே ஒலிம்பிக் கேம்டா. நாம ஒண்ணும் ஊர் சுத்தப் போகலை’ என்று வீட்டில் சொல்ல ஒரு டயலாக்கும் ரெடி. பொய் இல்லை. மவுன்டன் பைக் 1996 அட்லான்டாவிலேயே வந்துவிட்டது. பாறை ஏறுவதும் சர்ஃபிங்கும் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தன.

சரி, எனக்கு என்ன பைத்தியம்? எனக்கு பிளான் போடும் பைத்தியம். எக்செல் ஷீட் திறந்தேன். தாம்பரம், ஹம்பி, பாதாமி, ஊட்டி, கடைசியாகத் திரும்பும் வழியில் கோவளம். சுமார் 2,000 கி.மீ. ஆம்னி லிட்டருக்கு 14 கொடுத்தால் 143 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று போட்டால் பெட்ரோலுக்கு மட்டும் 14,400-க்கு மேல். ஆளுக்கு 3,600. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம் என்று ‘பரோட்டா’ என்று ஒரு காலமே தனியாகப் போட்டேன். ஹம்பியில் ஆளுயரம், வீட்டுயரம் என்று உருண்டு கிடக்கும் கிரானைட் குண்டுகளில் கயிறு இல்லாமல், கீழே மெத்தை போட்டு ஏறுவார்கள். கிறிஸ் ஷர்மா என்கிற அமெரிக்க வீரர் ஏறியதை 2003-ல் ‘பில்கிரிமேஜ்’ என்று படமே எடுத்திருக்கிறார்கள். பாதாமியில் செம்மணற்கல், கயிறு கட்டி ஏறணும். இதெல்லாம் ஷீட்டில் கலர் கலராக இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு விக்கெட்டாக விழுந்தது.

முதல் விக்கெட், பல்லாவரத்தின் சீனியர் ஒருத்தர். வருஷா வருஷம் ஹம்பி போகிறவர். தாம்பரம் மேற்கில் டீக்கடையில் ஷீட்டைக் காட்டினோம். ‘மே மாசமா? அந்தப் பாறையில ஆம்லெட் போடலாம் தம்பி, ஏற முடியாது’ என்றார். பாறையில் பிடிமானம் என்பதே தோலும் ஷூ ரப்பரும் கல்லில் உரசுவதுதான். 40 டிகிரி வெயிலில் விரல் வேர்த்தால் வழுக்கும், ரப்பர் இளகும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போகணுமாம். ‘மாமல்லபுரத்துல வெண்ணெய் உருண்டை இருக்கே, அதுல...’ என்று குரோம்பேட்டை வாயைத் திறந்தான். ‘அது தொல்லியல் துறையோட சின்னம்டா, போலீஸ் ஏத்துவாங்க... ஜீப்ல!’ என்று அடக்கினோம்.

ரெண்டாவது விக்கெட், சித்தப்பா. ‘வண்டி தர்றேன்ப்பா. ஆனா செங்கல்பட்டு டோல்கேட்டைத் தாண்டினா அதுவே நின்னுடும். நான் எதுவும் பண்ண மாட்டேன், அதுவே நிக்கும்.’ ரேடியேட்டர் விஷயமாம். சித்தப்பா எதையும் இப்படித்தான் சொல்வார்.

மூணாவது விக்கெட் எங்க வீடு. அதைத்தான் உங்களிடம் சொல்லணும். மற்றதெல்லாம் சும்மா பில்டப்!

எங்க அம்மாவுக்கு ரெண்டு வார்த்தை ஆகாது. ஒண்ணு மலை, இன்னொண்ணு தண்ணி. மலைக்குக் காரணம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் மாட்டி, இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. டி.வி. முன்னால் அம்மா அன்றைக்கு ராத்திரி எழுந்திருக்கவே இல்லை. அதுக்கப்புறம் மலையேற அரசு தனியாக விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பணம் கட்டி, கைடோடு போகிற மாதிரி செய்தது. தீப்பிடிக்கும் சீஸனில் பாதைகளை மூடியும் விடுகிறார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ‘மூடி வெக்கிறாங்கன்னா அது நல்ல விஷயம்டா’ என்றார். மலைக்கு ஓரளவு இறங்கி வந்தார். ரோட்டில் போனால் சரி, காட்டுக்குள் போகக் கூடாது.

தண்ணிக்கு இறங்கலை. நானும் ஒரு தடவைக்கு மேல் கேட்கலை.

கண்டுபிடித்தவன் குரோம்பேட்டை. அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஷீட்டின் பழைய வெர்ஷன்களை எல்லாம் ஒருநாள் ட்ரெயினில் திறந்து பார்த்திருக்கிறான். ‘பதினோரு வெர்ஷன் போட்டிருக்க. ஹம்பி முன்னாடி வருது, பின்னாடி போகுது. ஊட்டி ரெண்டு நாள் ஆகுது, மூணு நாள் ஆகுது. கோவளம் மட்டும் பதினொண்ணுலயும் கடைசி நாள். பக்கத்துல பிராக்கெட் போட்டு, டைம் இருந்தா. நம்ம வீட்டுலேர்ந்து முப்பது கிலோமீட்டர்ல இருக்கற இடத்துக்கு ஏன்டா டைம் இருக்காது?’

பெருங்களத்தூர் வரைக்கும் நான் பதில் சொல்லலை. வண்டலூரில் சொன்னேன்.

2016 மே மாசம். எனக்குப் பத்து வயசு. எங்க காம்பவுண்டில் மாடி வீட்டில் ஒரு அண்ணன். பாலிடெக்னிக் முதல் வருஷம் முடித்திருந்தார். எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு மத்தியானம் என்னை கேரியரில் வைத்துக்கொண்டு குவாரிக்குப் போனார். எந்தக் குவாரி என்பது வேண்டாம். நம்ம ஏரியாவில் பல்லாவரத்திலிருந்து நன்மங்கலம் வரைக்கும் கல் வெட்டிவிட்டு அப்படியே விட்ட பள்ளங்கள் இருக்கின்றன, உங்களுக்கும் ஒண்ணு தெரிஞ்சிருக்கும். மழைத் தண்ணி நிறைந்து பச்சையாக, அழகாக இருக்கும். பார்த்தால் குதிக்கத் தோணும்.

அண்ணனுக்கு நீச்சல் தெரியும். ஊர்க் கிணற்றில் கத்துக்கொண்டது. சட்டையையும் செல்போனையும் என்னிடம் கொடுத்து, ‘இங்கயே உக்காரு, இறங்காத’ என்றார். எதிர்ப்பக்கம் வரைக்கும் நன்றாகத்தான் போனார். அங்கே போய்ப் பாறையில் கை வைத்தார். வழுக்கியது. கொஞ்சம் தள்ளி வைத்தார். திரும்பவும் வழுக்கியது. என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். விளையாடுகிறார் என்று நினைத்து நானும் கை ஆட்டினேன்.

சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அந்தச் சட்டையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ராத்திரி வரைக்கும் நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

இப்போ சிவில் படிக்கும்போது காரணம் புரிகிறது. ஏரிக்குக் கரை சரிவாக இருக்கும், நடந்தே ஏறி வந்துவிடலாம். குவாரியை வெடி வைத்துச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். ஓரத்திலேயே பல ஆள் ஆழம். காலுக்குத் தரை கிடையாது, கைக்கு விளிம்பு கிடையாது. நீச்சல் தெரிந்தவனும் களைத்துப் போனால் அங்கே நிற்க ஒரு இடம் கிடையாது. நம்ம வீட்டு கான்கிரீட்டில் இருக்கிற ஜல்லி எல்லாம் இந்த மாதிரிப் பள்ளங்களிலிருந்து வந்ததுதான். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணியைச் சுத்தம் செய்து சென்னைக்குக் குடிக்கவே கொடுத்தார்கள். அதைப் பேப்பரில் பார்த்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து உள்ளே வைத்துவிட்டார். எங்க வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

சொல்லி முடிக்கும்போது ஊரப்பாக்கம் வந்து, அவனும் ஏறியிருந்தான். என்ன விஷயம் என்று தெரியாமல், ‘என்னடா, யாராவது அரியரா?’ என்றான். யாரும் சிரிக்கலை. நான்தான் சிரித்தேன்.

இங்கே பசங்க என்ன பண்ணுவாங்கன்னு நினைக்கிறீங்க? ‘சரி விடு மச்சி, கோவளம் கேன்சல்’ என்பார்கள் என்று நினைத்தேன். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் அதுக்காகத்தான் சொன்னேன்! ஆனால் பல்லாவரம், ‘அப்ப கோவளத்தை முதல்ல போடு’ என்றான். எனக்குக் கோபம் வந்தது. ரெண்டு நாள் அவனோடு பேசலை. அவன் போட்டு வைத்த ஜன்னல் சீட்டில் மட்டும் உட்கார்ந்துகொண்டேன்.

மூணாவது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆம்னி வாசலில் நின்றது. ‘சும்மா பாத்துட்டு வரலாம். இறங்க வேணாம்.’ வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்து, ஆறரைக்கெல்லாம் கோவளம். வண்டி நிற்கவில்லை, ஆச்சர்யம்!

பார்த்துவிட்டு வந்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். இங்கே சர்ஃபிங் ஃபாரின்காரர்கள் சமாச்சாரம் இல்லை. மூர்த்தி மேகவன் என்கிற கோவளத்து மீனவர்தான் இங்கே முன்னோடி. அவரைப் பார்த்து ஊர்ப் பசங்க வரிசையாக அலையேற ஆரம்பித்தார்கள். கத்துக்கொடுக்கிறவர்களும் பெரும்பாலும் குப்பத்து அண்ணன்கள்தான். வெயில் காலத்தில் அலை சின்னதாக இருக்கும், புதுசாகக் கத்துக்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. காலையில் காற்று இல்லாமல் கடல் வழவழவென்று இருக்கும். வெயில் ஏறினதும் கடல்காற்று கிளம்பி அலையைக் கலைத்துப்போடும். அதனால் காலை ஆறு டு ஒன்பது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, பெரிய அலை, தெரிந்தவர்களுக்கு மட்டும். அதாவது எங்க பிளான் தலைகீழ்! கோடையில் கடல், குளிர்காலத்தில் பாறை என்று போட்டிருக்கணும்.

ஒரு அண்ணன் பலகையைக் காட்டினார். பழகுகிறவர்களுக்கு எட்டு, ஒன்பதடியில் நுரை மாதிரி மெத்தென்ற பலகை. அதிலிருந்து ஒரு கயிறு கணுக்காலுக்கு. விழுந்தாலும் பலகை நம்மை விட்டுப் போகாது, அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்க ஒண்ணு இருக்கு இல்லையா, அதான்.

‘கடல் உள்ள இழுத்தா?’ என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். கரைக்கு வந்த தண்ணி ஒரு சந்து வழியாகத் திரும்பி ஓடும். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, களைத்துப் போவோம். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அந்தச் சந்தை விட்டு வெளியே வந்து, அப்புறம் அலையோடு கரைக்கு வரணும். சொல்லிவிட்டு, ‘நீச்சல் தெரியுமா?’ என்றார். மூணு பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டலை. ‘இடுப்பளவு தண்ணியிலதான் ஆரம்பிப்போம். இருந்தாலும் கத்துக்கிட்டு வா. அப்பதான் பயமில்லாம விழுவ’ என்றார்.

வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் சேர்ந்தேன். என் பேட்ச்சில் முக்கால்வாசி ரெண்டாம் கிளாஸ், மூணாம் கிளாஸ். ‘அங்கிள், கம்பியைப் பிடிச்சுக்கோங்க’ என்று ஒரு வாண்டு எனக்கு அட்வைஸ்! முதல் பாடமே தண்ணிக்குள் முகம் வைத்து மூச்சை விடணும், குமிழி வரணும். முதல் நாள் முகம் வைக்க முடியலை. ரெண்டாம் நாள் வைத்தேன், கண்ணைத் திறந்தால் பச்சையாக இருக்குமோ என்று மூடியே வைத்திருந்தேன். நீலமாகத்தான் இருந்தது. ஆறாம் நாள் மிதந்தேன். ஒன்பதாம் நாள் கம்பியை விட்டு அகலத்தில் போய் எதிர்ச் சுவரைத் தொட்டேன். அங்கேயும் ஒரு கம்பி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். கோச், ‘என்ன, மூச்சு வாங்குதா?’ என்றார். ஆமா சார் என்றேன்.

வீட்டில்? ‘பத்திரிகை வேலையா வேளச்சேரி போறேன்’ என்று புளுகியிருந்தேன். (எடிட்டர் சார், மன்னிக்க!) அம்மாக்கள் துண்டைத் தொட்டே கண்டுபிடிப்பார்கள். குளோரின் வாசனையைச் சொல்லி, ‘எந்தப் பத்திரிகைல இந்த வாசனை வருது?’ என்றார். சொன்னேன். ஒண்ணும் பேசாமல் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பாடு மேஜைக்கு வந்தது, ஆள் வரலை. அப்பாவும் நானும் சத்தமில்லாமல் சாப்பிட்டோம்.

இப்போதைய ஷீட் இது. பன்னிரண்டாவது வெர்ஷன். மே மூணாவது வாரம் சனி, ஞாயிறு கோவளம், ரெண்டு காலை கிளாஸ். நாங்கள் விசாரித்த இடத்தில் ஒரு கிளாஸுக்கு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். அடுத்த வாரம் ஏலகிரி. ரயிலில் ஜோலார்பேட்டை, சைக்கிள் லக்கேஜ் வேனில். அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,100 மீட்டர் உயரம், எல்லாம் தார் ரோடுதான், அம்மா கண்டிஷன்படி. மூணு பேருக்கு வாடகை சைக்கிள் தேடிக்கொண்டிருக்கிறோம். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரக் கூடாது, விட்டு விட்டுப் பிடிக்கணும் என்று ஊரப்பாக்கம் இப்போதே கிளாஸ் எடுக்கிறான். ஹம்பி டிசம்பருக்குப் போயிருக்கிறது, ஹொசபேட்டை வரைக்கும் ரயிலில். குரூப் பேரை மாற்றிவிட்டோம். ‘மரணம்’ என்பதை எடுக்கச் சொன்னது நான்தான். இப்போ வெறும் ‘ஹம்பி அல்லது’!

போன வியாழக்கிழமை, நீச்சல் கிளாஸ் முடிந்து வந்தால் வாசலில் அம்மா. கையில் துண்டு, காய்ந்த துண்டு. ‘எத்தனை அடி தண்ணில நிக்கற?’

‘நாலடிம்மா.’

‘கம்பி இருக்கா?’

‘சுத்தி இருக்கும்மா.’

‘கடல்ல?’

கயிறு பற்றிச் சொன்னேன். கணுக்காலில் எப்படிக் கட்டுவார்கள் என்று துண்டை வைத்தே கட்டிக் காட்டினேன். குனிந்து அந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். ஆம்னியில் எத்தனை பேர் உட்காரலாம் என்றார். நாங்க நாலு பேர் போக இடம் இருக்கு என்றேன். உள்ளே போனவர், சமையல்கட்டிலிருந்து குரல் மட்டும் கொடுத்தார்.

‘அங்க நிழல் இருக்குமாடா, இல்ல குடை எடுத்துக்கணுமா?’